சருகணிக்கும் ஓரியூருக்கும் சைக்கிளில் போங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தங்கள் நாளிதழ் உட்பட எல்லா ஏடுகளும் எழுதிக்காட்டும் பாதை கானாடுகாத்தானில் தொடங்கி, ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி என்று போய், காரைக்குடியில் மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்துவிடுகிறது. தேவகோட்டையைத் தாண்டித் தெற்கேயும் கிழக்கேயும் போனால் கண்மாய்க்கரை ஊர்களில் முந்நூறு ஆண்டுக் கிறித்தவ வரலாறு இருக்கிறது. கல்லறைக் கல்லிலும், மணியின் விளிம்பிலும், தேர்ச் சக்கரத்திலும், கோயில் வாசற்படியிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க ஏற்ற வண்டி சைக்கிள்தான் என்பதையும், எப்படிப் போவது, போன இடத்தில் என்ன பார்ப்பது என்பதையும், இந்தக் கோயில்களில் இப்போது நடக்கும் ஒரு கேட்டைப் பற்றியும் எழுதுகிறோம்.

காரில் போகிறவர்கள் பெரிய திருத்தலத்தின் வாசலில் இறங்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இந்த நாட்டின் கிறித்தவமோ பெரிய கோயில்களில் மட்டும் இல்லை. ஒரு பங்குக்கு, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள வட்டாரத்துக்கு, பத்து, பதினைந்து கிளைக் கிராமங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் அந்தோணியார் கோயிலோ, சவேரியார் கோயிலோ, சந்தியாகப்பர் கோயிலோ நிற்கும். சாலை பிரியும் இடத்தில் சிலுவை நட்ட ஒரு குருசடி, கண்மாய்க்கரை ஆலமரத்தடியில் குகை வடிவில் சுரூபம் வைத்த ஒரு கெபி. இவற்றுக்குப் போகும் வழி பெரும்பாலும் கண்மாய்க்கரை மேலேயோ வயல் நடுவேயோதான். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் கண்ணுக்கு இவை தப்பாது. வழி கேட்க நிறுத்தினாலே ஊர்ப்பேச்சு தொடங்கிவிடும். சைக்கிளில் வருகிறவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லாத ஊர் இந்தப் பக்கம் இல்லை.

முதலில் ஓரியூர். இன்று ராமநாதபுரம் மாவட்டத்தில், திருவாடானை வட்டத்தில் இருக்கிறது. போர்ச்சுக்கல் நாட்டு லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் துறவியாக இங்கு வந்து, காவி உடுத்து, புலால் மறுத்து, பண்டாரசாமியாக வாழ்ந்து, அருளானந்தர் என்ற பெயரில் மறவர் சீமையில் கால்நடையாகத் திரிந்தவர். 1686இல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு விடுதலையானார். ஐரோப்பா போய் 1690இல் திரும்பி வந்தார். தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் ஞானஸ்நானம் பெற்றபோது, ஒரு மனைவியை மட்டும் ஏற்று மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரத்தை ஆண்ட ரகுநாத கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் முறையிட, அருளானந்தர் கைதாகி, சேதுபதியின் சகோதரர் உடையத்தேவர் பொறுப்பில் இருந்த ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். 1693 பிப்ரவரி 4ஆம் நாள், திருநீற்றுப் புதன் அன்று, ஊருக்கு வெளியே மேட்டில் அவர் தலை வெட்டப்பட்டது. முந்தைய நாள் சிறையில் கரியைக் கரைத்து மையாக்கி அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது.

சைக்கிளில் போகிறவர்களுக்கு இங்கே ஒன்று கூடுதலாகக் கண்ணில் படும். காரைக்குடிப் பக்கத்துச் செம்மண் தேவகோட்டைக்குக் கிழக்கே மெல்லக் குறைந்து, வெளிறிய களியும் மணலுமாக மாறிவிடுகிறது. அப்படி மாறிய நிலத்தின் நடுவே ஓரியூரில் சிவந்த மணல். அருளானந்தர் இரத்தம் பட்டுச் சிவந்தது என்று நம்பி, மக்கள் அதை மடியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். மதம் பார்க்காமல் எல்லாரும் எடுக்கிறார்கள். வழி முழுக்க மண்ணின் நிறம் பார்த்துக்கொண்டே மிதித்து வந்தவருக்கு அந்த மணலின் மதிப்பு சட்டென்று புரியும்.

ஓரியூரோடு ஓர் ஆண்டுக் கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊர்களில் உதவும். அருளானந்தருக்கு ரோமாபுரி, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் அளித்தது 1853இல், புனிதர் பட்டம் அளித்தது 1947இல். ஏதாவது கிராமத்தில் அருளானந்தர் கோயில் கல்வெட்டு அவரை முத்திப்பேறு பெற்றவர் என்று குறித்தால், அது இந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடைப்பட்டது என்று துணிந்து சொல்லலாம். புனிதர்களின் பெயருக்கு முன்னால் ‘அர்ச்.’ (அர்ச்சியசிஷ்ட) என்று இருந்தால் அது பழைய கல். ‘புனித’ என்று இருந்தால் பெரும்பாலும் பிந்தியது.

அடுத்தது சருகணி. மதுரை–தொண்டி சாலையில், காளையார்கோவிலுக்கும் திருவாடானைக்கும் இடையில், சிவகங்கை மாவட்டத்துக்குள் வருகிறது. இயேசு மரியின் திரு இருதயங்களின் பெயரால் உள்ள இந்தக் கோயிலில்தான், மக்கள் சின்ன சவேரியார் என்று அழைக்கும் ஜாக்கோமே தெ ரோசி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 18ஆம் நூற்றாண்டில் இந்தச் சீமை முழுதும் நடந்து பணி செய்த இத்தாலியச் சேசு சபைக் குரு அவர். மருது சகோதரர்கள் இக்கோயிலுக்குத் தேர் செய்து கொடுத்தார்கள் என்பது ஊர் வழக்கு. உயிர்ப்புத் திருநாளில் (ஈஸ்டர்) சருகணியில் தேர் ஓடுகிறது. 1780 முதல் 1801 வரை சிவகங்கைச் சீமையை ஆண்டவர்கள் காளையார்கோவிலில் கோபுரம் எழுப்பினார்கள், குன்றக்குடியில் திருப்பணி செய்தார்கள், மாதா கோயிலுக்குத் தேர் கொடுத்தார்கள் என்று ஒரே மூச்சில் சொல்வார்கள் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள். கண்டதேவி தேரையோ காளையார்கோவில் தேரையோ பார்த்துப் பழகியவர்கள் சருகணித் தேரின் அச்சையும் சக்கரத்தையும் குனிந்து பாருங்கள். தச்சு வேலை ஒரே குடும்பம் என்பது தெரியும்.

அதே சருகணியில்தான் லூயி மரி லெவே சாமியாரின் கல்லறையும் உள்ளது. பிரான்சில் பிரிட்டனி பகுதியில் 1884இல் பிறந்து, 1973இல் இறந்தவர். குளம் வெட்டுவதிலும் ஏழைகளைத் தாங்குவதிலும் பெயர் பெற்றவர். இறைஊழியர் என்று அறிவிக்கப்பட்டு, புனிதர் பட்டத்துக்கான விசாரணை நடந்து வருகிறது. வழியில் ஊருணிகளைக் காணும்போதெல்லாம் இதை வெட்டியது யார், எந்தப் பஞ்சத்தில் என்று கேட்டுப் பாருங்கள். கோயில் வரலாறும் தண்ணீர் வரலாறும் இங்கே ஒன்றையொன்று பின்னிக் கிடக்கின்றன.

கல்லறைகளின் ஆண்டுகளைக் குறித்துக்கொண்டே வந்தால், 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை சேசு சபைப் பெயர்கள் அறுந்துபோவதைக் காணலாம். 1773இல் பாப்பரசர் அந்தச் சபையையே கலைத்துவிட்டார். மதுரை மறைத்தளத்துக்கு (மிஷன்) சேசு சபையினர் திரும்பியது 1838 வாக்கில்தான். இடைப்பட்ட காலத்தில் இந்தக் கோயில்களைக் காத்தவர்கள் கோவாவிலிருந்து வந்த குருக்களும், மறைக்கல்வி கற்பித்து வழிபாட்டை நடத்திய ஊர் உபதேசியார்களும். புதியவர்கள் வந்தபின் இந்தக் கோயில்கள் மேல் போர்ச்சுக்கல் அரசின் உரிமைக்கும் ரோமாபுரியின் உரிமைக்கும் நெடுங்காலம் வழக்கு நடந்தது. ஒரே ஊரில் அருகருகே இரண்டு பழைய கோயில்கள் நின்றால், அந்த வழக்கு காரணமாக இருக்கலாம். சாதி காரணமாகவும் இருக்கலாம். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் இரண்டு சாதியாருக்கு இரண்டு தனிக் கூடங்களும் நடுவில் பீடமுமாகக் கோயிலே கட்டினார்கள். சிற்றூர்க் கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச் சுவரோ, தனித்தனி வாசலோ இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் யாருடைய மனமும் நோகாமல், கடைசியில் கேளுங்கள். இதை விட்டுவிட்டு எழுதப்படும் ஊர் வரலாறு அரை வரலாறு.

இடைக்காட்டூர்த் திரு இருதயக் கோயிலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பெர்டினாண்டு செல் என்ற பிரெஞ்சுக் குரு, ரெய்ம்ஸ் நகரப் பேராலயத்தை முன்மாதிரியாக வைத்து 1894இல் கட்டி முடித்தது. வடிவச் செங்கல் வேலைக்காகவே பார்க்கலாம். காரைக்குடியிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரம் இல்லை. மானாமதுரையிலோ சிவகங்கையிலோ தங்கி, மறுநாள் விடியலில் போவது நல்லது. சுவரில் ஒவ்வொரு வளைவுக்கும் தனி அச்சில் வார்த்த செங்கல் இருப்பதை விரலால் தொடாமல், கண்ணால் எண்ணிப் பாருங்கள்.

இனி வண்டி.

காரைக்குடியிலிருந்து அமராவதிப்புதூர் வழியாகத் தேவகோட்டை, அங்கிருந்து சருகணி, அதே வழியில் திரும்பினால் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். ஓரியூர் காரைக்குடியிலிருந்து போய்வர நூறு கிலோமீட்டரைத் தாண்டும். புதியவர்கள் தேவகோட்டையிலிருந்து தொடங்குவதே சரி. நிலம் சமதளம். கண்மாய்க் கலுங்கு ஏறி இறங்குவதைத் தவிர மேடே இல்லை. கியர் தேவையில்லை. சாதாரண 28 அங்குலக் கறுப்பு சைக்கிளே போதும், பல வகையில் மேலும்கூட. திருச்சி–ராமேஸ்வரம் சாலையில் லாரியும் பேருந்தும் ஓயாது. சாலை விளிம்பில் தாரும் மண்ணும் சேருமிடத்தில் ஒரு சாண் பள்ளம் விழுந்திருக்கும். பேருந்துக்கு ஒதுங்கும்போது முன்சக்கரம் அதில் இறங்கினால் விழுவது உறுதி. ஒதுங்க வேண்டுமானால் முன்கூட்டியே வேகம் குறைத்து முழுதாக மண்ணில் இறங்கிவிடுங்கள். பாதி தார், பாதி மண் என்று ஓட்டாதீர்கள்.

இந்தப் பக்கத்தில் சைக்கிளுக்கு முதல் பகை சீமைக்கருவேல முள். விரல் நீளம் இருக்கும், காய்ந்தால் ஆணிக்குச் சமம். கரிமூட்டத்துக்கு விறகு வெட்டி ஏற்றிப்போகும் டிராக்டர்கள் உதிர்த்துப்போவதால், புதிதாகக் கருவை வெட்டிய இடத்துக்கு அடுத்த அரைக் கிலோமீட்டர்தான் மிகவும் ஆபத்து. அங்கே சாலை ஓரத்தை விட்டு, வண்டித் தடத்தில் ஓட்டுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு கண்மாய்க்கரையில் நெருஞ்சி முளைக்கும். அதன் முள் சின்னது, ஆனால் ஒரே நேரத்தில் பத்து ஏறும்.

700 x 25 அளவு மெல்லிய டயர் இங்கே உதவாது. குறைந்தது 35 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். 28 x 1½ டயரின் அகலம் இயல்பாகவே இதைத் தாண்டிவிடும். டயருக்கும் டியூபுக்கும் நடுவே பழைய டியூபை நீளவாக்கில் பிளந்து படுக்க வைப்பது நல்ல பழக்கம். ஆனால் அதன் இரண்டு முனைகளையும் கத்தரியால் வளைவாக வெட்டி, சாய்வாகத் தேய்த்து விட வேண்டும். நேராக வெட்டிய முனை உள்ளே உரசி உரசி, முள்ளே ஏறாமல் டியூபை ஓட்டையாக்கிவிடும். ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவத்தை ஊற்றுகிறவர்கள் ஒரு டியூபுக்கு 80 முதல் 100 மில்லி ஊற்றலாம். நம் வெயிலில் அது நான்கைந்து மாதத்தில் உலர்ந்துவிடும், மறுபடியும் ஊற்ற வேண்டும்.

பஞ்சர் ஆனால் அவசரப்பட்டு முள்ளைப் பிடுங்கி எறியாதீர்கள். முள் இருக்கும் இடத்தை டயரில் சாக்குக்கட்டியால் குறித்துவிட்டுப் பிடுங்குங்கள். டியூபில் தேடுவது பாதியாகக் குறையும். செயின் கவர் உள்ள சைக்கிளில் பின்சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை. வண்டியைப் படுக்க வைத்து, ஒரு பக்க டயரை லீவரால் விலக்கி, டியூபை வெளியே இழுத்தே ஒட்டலாம். ஊர்ப் பஞ்சர் கடைகளில் இப்படித்தான் செய்கிறார்கள். ஓட்டையைச் சுற்றி ஒட்டுத் துண்டின் அளவைவிட ஒரு விரல் அதிகமாக உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகப் பூசி, ஐந்து நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டும் ஆனால் நூல் இழுக்காத பதத்தில் ஒட்டை அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பத்துக் கிலோமீட்டரில், தார் சூடேறியதும், ஒட்டு நழுவிவிடும். ஒட்டி முடித்ததும் டயருக்குள் துணியைச் சுற்றிய விரலால் முழுவட்டமும் தடவிப் பாருங்கள். வெறும் விரலால் தடவினால் உள்ளே ஒடிந்து நிற்கும் முனை விரலைக் கிழிக்கும். தடவாமல் விட்டால் அதே முனை புது டியூபையும் குத்தும். இரண்டாவது பஞ்சர் பெரும்பாலும் முதல் முள்ளின் மிச்சம்தான்.

பழைய பாணி வால்வு உள்ள டியூபுக்கு வால்வில் மாட்டும் வால்டியூப் ரப்பர் இரண்டு அங்குலம் பையில் இருக்கட்டும். வெயிலில் அது வெடித்து, பஞ்சரே இல்லாமல் காற்று இறங்கும். எச்சில் தொட்டு வால்வில் வைத்தால் குமிழி வரும், தெரிந்துவிடும். மெல்லிய பிரெஞ்சு வால்வு உள்ள வண்டிக்கு ஊர்க்கடைக் காற்று சேராது. அடாப்டர் ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று சத்தம் கொடுத்தால் கிராங்கை அச்சோடு இணைக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. அப்படியே மிதித்தால் பின் தேய்ந்து, கிராங்க் ஆடி, வழியில் நின்றுவிடும். கல்லால் ஒரு தட்டுத் தட்டி நட்டை இறுக்குங்கள். ஊர் திரும்பியதும் பின்னை மாற்றிவிடுங்கள்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும். ஓரியூருக்குப் போகும்போது தள்ளிவிட்டு, திரும்பும்போது நெஞ்சில் கைவைத்துத் தடுக்கும். போகும்போது கிடைத்த வேகத்தை வைத்துத் திரும்பும் நேரத்தைக் கணக்குப் போட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம். ஒன்றரை மடங்கு நேரம் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. களிமண் கண்மாய்க்கரையில் இறங்கினால் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அடைத்துச் சக்கரமே சுற்றாது. தள்ளவும் முடியாது. குச்சியால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். மார்கழி பின்பாதி முதல் மாசிவரை நல்ல காலம். பங்குனிக்குமேல் போவதானால் விடிய ஐந்து மணிக்குக் கிளம்பி, பத்தரைக்குள் நிழலில் இருங்கள். மணிக்கு முக்கால் லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட மோர் அல்லது நீராகாரம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்.

பிப்ரவரி 4ஐ ஒட்டி ஓரியூரில் கூட்டம் பெருகும். ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் சாலை ஓரத்தில் இரவும் பகலும் போவார்கள். அந்த நாட்களில் கோயிலைப் படிப்பதற்குப் போக வேண்டாம், திருவிழா பார்க்கப் போங்கள். படிப்பதற்கு ஞாயிறு காலைப் பூசை முடிந்த நேரமே நேரம். பெரியவர்கள் எல்லாரும் கோயில் வாசலில் இருப்பார்கள், உபதேசியார் இருப்பார், சாவி இருக்கும். கிளைக் கிராமங்களில் வாரந்தோறும் பூசை இராது. பங்குக் கோயிலில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. மத்தியானம் பன்னிரண்டு முதல் நான்கு வரை பூட்டியிருக்கும். செருப்பை வாசலில் கழற்றுங்கள், அரைக்கால் சட்டை வேண்டாம். ஒரு வேட்டியைப் பையில் மடித்து வைத்தால் போதும்.

கல்லைப் படிக்கச் சுண்ணாம்புக் கட்டியோ, மாவோ, எண்ணெயோ தேய்க்காதீர்கள். அவை எழுத்தின் விளிம்பைத் தேய்த்து, கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். கம்பித் தூரிகை கூடவே கூடாது. டார்ச் விளக்கைக் கல்லுக்குப் பக்கவாட்டில், தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்தும் நிழலில் எழும். வெளியே இருக்கும் கல்லாக இருந்தால் காலை எட்டு மணிக்குமுன், மாலை ஐந்துக்குப்பின் பாருங்கள். பழைய கற்களில் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடு இராது. லை, ணை, னை எழுத்துகள் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை வடிவில் இருக்கும். லத்தீன் கல்லறைகளில் தொடக்கத்தில் ‘ஹிக் யாசெத்’ என்று இருந்தால் ‘இங்கே துயில்கிறார்’ என்று பொருள். ‘ஓபியித்’ என்பதை அடுத்து வருவது இறந்த நாள். ஆண்டு ரோமன் எண்ணில் இருந்தால் எம் ஆயிரம், டி ஐந்நூறு, சி நூறு, எல் ஐம்பது, எக்ஸ் பத்து, வி ஐந்து, ஐ ஒன்று. பெரியதற்கு முன்னால் சிறியது நின்றால் கழிக்க வேண்டும். அப்படி எம்-டி-சி-சி-சி-எக்ஸ்-சி-ஐ-வி என்றால் 1894. பெயருக்குப் பின் எஸ்.ஜே. என்று இருந்தால் சேசு சபையார். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து நேராக ஒன்றும், பக்கவெளிச்சத்தில் ஒன்றுமாக எடுங்கள். ஊர்ப்பெயர், கல் எந்தச் சுவரில், எந்தத் திசையில் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். 1985க்கு முன் சிவகங்கையும் ராமநாதபுரம் மாவட்டமே என்பதையும், சிவகங்கை மறைமாவட்டம் 1987இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது என்பதையும், மதுரையே 1938இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்தது என்பதையும் நினைவில் வைத்தால், பழைய ஆவணங்களை எந்த ஊரில் தேடுவது என்பது தெரியும். சேசு சபையின் மதுரை மறைத்தளக் கடிதங்களும் ஏடுகளும் கொடைக்கானலை அடுத்த செண்பகனூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இப்போது, நாங்கள் முதலில் சொன்ன கேட்டுக்கு வருகிறோம். சிற்றூர்க் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் நல்ல மனத்தோடே செய்யப்படும் மூன்று காரியங்கள் வரலாற்றை அழிக்கின்றன. கல்லறைக் கல் மேல் டைல்ஸ் பதிப்பது முதலாவது. அதற்குப் பிறகு அடியில் யார் இருக்கிறார் என்பது ஒரு தலைமுறையில் மறந்துபோகும். வாசல் கல்வெட்டின் மேல் எனாமல் அடிப்பது இரண்டாவது. மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசுவது. பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் தரையிலிருந்து ஈரத்தை இழுத்து மூச்சுவிடுவது போல வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். ஈரத்தில் கரைந்த உப்பு பூச்சுக்கும் செங்கலுக்கும் நடுவே பூத்துப் படிகமாகி, முழங்கால் முதல் இடுப்பு உயரத்தில் பூச்சு உப்பிப் பாளமாக விழும். பிறகு செங்கல்லே மாவாக உதிரும். பூச்சு விழுந்தது என்று மறுபடியும் சிமெண்ட் பூசுவார்கள். ஒவ்வொரு முறையும் சுவர் அரை அங்குலம் இழக்கும். கடுக்காய், வெல்லம் கலந்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சுக்குப் பேர்போன நாடு செட்டிநாடு. அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்றும் காரைக்குடியைச் சுற்றி வீடுகளில் வேலை செய்கிறார்கள். மாளிகைக்கு வரவழைக்கிற அதே கையை மாதா கோயிலுக்கும் வரவழைக்கலாம்.

பங்குப் பேரவைகளுக்கு எங்கள் வேண்டுகோள் இது. திருப்பணி தொடங்குவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, எல்லாக் கல்வெட்டையும், கல்லறையையும், மணியையும், தேரையும் படம் எடுத்து, ஒரு படி பங்கு அலுவலகத்திலும் ஒரு படி மறைமாவட்ட அலுவலகத்திலும் வையுங்கள். தரைக்கு டைல்ஸ் போட்டே ஆக வேண்டுமானால் கல்லறைக் கல்லைச் சுற்றி வெட்டிவிட்டுப் போடுங்கள். அதை மூடாதீர்கள். பெயிண்ட் அடிக்கும் முன் கல்வெட்டின் மேல் காகிதம் ஒட்டி மறையுங்கள். இதற்கெல்லாம் ஒரு டைல்ஸ் பெட்டியின் விலைகூட ஆகாது. தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தைய வாரம் சருகணித் தேர் நேரத்தையும், சனவரி கடைசியில் ஓரியூர்த் திருவிழா நாட்களையும், கோயில் திறந்திருக்கும் வேளையையும் வெளியிட்டால், சைக்கிளில் வருகிறவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
சைக்கிளில் செல்லும் வாசகர்கள் சிலர்,
தேவகோட்டை